கீழே அனுப்பிய காய்ச்சல்

கனி,

உனக்கு என் சலாம். கடிதம் என்றால் அடுத்த வரியில் நலமா என்று கேட்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். முந்தாநாள் பெருமாள்மலை முக்கில் நம் கடையைத் தாண்டி ரிசார்ட் ஜீப்பில் நீ பறந்த வேகத்திலேயே அது தெரிந்தது. பெற்றவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு ஹாரனாவது அடிப்போம் என்று உனக்குத் தோன்றவில்லை. போன் செய்தால் "அம்மா, டவர் கட்டாகுது" என்கிறாய். நீ மேனேஜராக இருக்கிற ரிசார்ட்டில் பெங்களூர்க்காரன் கட்டிலில் படுத்தபடி வீடியோ காலில் பேசுகிறான். அவனுக்குக் கட்டாகாத டவர் அம்மா பேசினால் மட்டும் கட்டாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை நாலு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று பழனியில் உன் வருங்கால மாமனார் வீட்டுக்கு, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் படிக்கட்டும். ஒன்று தெய்வானைக்கு. நாலாவதை நம் கடை வாசலில், சோப்பு விளம்பரம் ஒட்டியிருக்கிற இடத்தில் ஒட்டப் போகிறேன். ஊரே படிக்கட்டும்.

நேற்றுக் காலையில் நீ கொடுத்தனுப்பிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. நல்ல அட்டை, நல்ல அச்சு, உன் அத்தா பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். அவர் மௌத்தாகி இத்தனை வருஷம் கழித்துத் தன் பெயரை அந்த அட்டையில் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். மேலே ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தாய். "அம்மா, முதல் பத்திரிகைய தெய்வானை அத்தைக்குக் குடுத்துருங்க." அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டோடு தூக்கி அரிசி மூட்டைமேல் எறிந்தேன். இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. ஏலே, உனக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவள் வாசலில் போய் நிற்பேன்? மகளைப் பறிகொடுத்தவளிடம், அந்த மகளைச் சாகக் கொடுத்தவன் கல்யாணம், வந்து வாழ்த்திவிட்டுப் போ என்று சொல்லச் சொல்கிறாயா? செல்வி போய் இன்னும் ஒரு வருஷம் கூடத் திரும்பவில்லை.

பழனிக்காரர்களுக்கு தெய்வானை யார் என்று தெரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். நம் கடைக்குப் பின்னால் சரிவில் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே சொன்னது போலவே இங்கேயும் அந்த வீடுகளை லயம் என்றார்கள், கடைசியில் எங்கள் எல்லோர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. தெய்வானை காப்பிப் பழம் பறிப்பாள், பேரிக்காய் சீசனில் பெட்டி கட்டுவாள், வேலை இல்லாத நாளில் என் கடையில் மிளகு புடைப்பாள். கனிக்குப் பால் கொடுத்தவள் நான். சோறு ஊட்டியது பாதி நாள் அவள்தான். இவன் அவளை அத்தை என்று கூப்பிடுவது ஒப்புக்காக அல்ல.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உனக்கு டைபாய்டு வந்தது நினைவிருக்கிறதா? இருக்காது, நீ கண் செருகிக் கிடந்தாய். உன் அத்தா சரக்கு எடுக்க ஒட்டன்சத்திரம் போயிருந்தார். மழையில் கொடைக்கானல் ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டு நின்றேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தெய்வானைதான் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்று, பேரிக்காய் ஏற்றி வந்த லாரியை மறித்தாள். டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டுகிறான், இவள் அசையவில்லை. "ஏத்து, இல்லாட்டி எம்மேல ஏத்து" என்றாள். முன்னால் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. நான் உன்னை மடியில் போட்டு உட்கார்ந்தேன், அவள் பின்னால் பெட்டிகளின் மேல் மழையில் நனைந்துகொண்டே வத்தலக்குண்டு வரைக்கும் வந்தாள். ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் தன் ஈரச் சேலையைப் பிழிந்தாள். அன்றைக்கு உன்னைக் கீழே கொண்டு போனது பிழைக்க வைப்பதற்கு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், மறுபடியும் இந்த இடத்துக்கு வருவேன்.

செல்விக்கு உன் ரிசார்ட்டில் வேலை வாங்கிக் கொடுத்தது நீதான். அதற்காக நான் பெருமைப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. "கனி இருக்குல்ல பாயம்மா, எனக்கு என்ன கவல" என்று தெய்வானை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அறை கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, கண்ணாடி துடைப்பது. வந்த நாளுக்குச் சம்பளம், வராத நாளுக்கு இல்லை. சீசன் முடியும்வரை வீட்டுக்கு வரக்கூடாது என்று பெண்பிள்ளைகளை ரிசார்ட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட குவார்ட்டர்ஸில் தங்க வைத்தீர்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் எங்கே இருக்கிறது? உன் முதலாளியும் பங்காளியும் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் நிறுத்தின நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். குளத்தைச் சுற்றிச் சிமெண்ட் தொட்டிகள், மூடியில்லாத டிரம்கள், தார்ப்பாயில் தேங்கின மழைத்தண்ணீர். அதை ஏன் இறைத்து ஊற்றவில்லை என்று கேட்டேன். "தோட்டத்துக்கு ஆகும்மா, டேங்கர் தண்ணி வெல என்னன்னு தெரியுமா" என்றாய். சும்மா கிடைத்த தண்ணீரைக் கொட்ட உன் முதலாளிக்கு மனசு வரவில்லை, அதில் புழு நெளிவதைப் பார்க்க உனக்குக் கண் இல்லை.

மே மாதம், அறை ஒன்றுகூடக் காலியில்லை. செல்விக்குக் காய்ச்சல் வந்தது. வந்த பிறகும் அவள் வேலை பார்த்தாள். லீவு போட்டால் சம்பளம் போகும், சீசனில் லீவு கேட்டால் வேலையே போகும். தலையணை உறை மாட்டும்போது கை நடுங்கியதைப் பார்த்து நீயே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். கூட வேலை பார்த்த பிள்ளைகள் பிறகு என்னிடம் சொன்னார்கள். உன் கையில் சுட்டிருக்கிறது. அப்போது நீ என்ன செய்திருக்க வேண்டும்? ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்க வேண்டும், கெஸ்ட்டுக்குச் சாக்லேட் வாங்கப் போகிற தூரம்தான். நீ பஸ் சார்ஜ் கொடுத்து மலைக்குக் கீழே கன்னிவாடிக்கு அனுப்பினாய். அங்கே அவள் சித்தி பாக்கியம் இருக்கிறாள், தெய்வானையின் கூடப் பிறந்த தங்கச்சி. பஸ்சுக்கு நிற்கும்போது செல்வி நம் கடைக்கு வந்தாள்.

"என்னடி, மொகம் இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்றேன்.

"மேலு வலிதான் பாயம்மா. கனி அண்ணன் சித்தி வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இங்க வேணாம்னுருச்சு, கீழ போயி பாத்துக்கன்னுச்சு. சீசன் நேரம்ல."

தொட்டுப் பார்த்தேன், அடுப்பு மாதிரி கொதித்தது. "அம்மாட்டச் சொல்லிட்டுப் போடி" என்றதற்கு, "அது பெட்டி கட்டப் போயிருக்கு, வெள்ளனே போனது, நீங்க சொல்லிருங்க" என்றாள். பஸ் வந்துவிட்டது. பன்னும் சோடாவும் கையில் கொடுத்து ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தேன். போகும்போது சிரித்தாள்.

சீசன் நேரம்ல! இந்த ஒரு சொல்லை வெளியூர்க்காரர்களுக்கு விளக்காமல் புரியாது. இந்த மலையில் சீசன் நடக்கும்போது டெங்கு என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை, போர்டு மாட்டவில்லை. லாட்ஜ்காரர், குதிரைக்காரர், டாக்ஸிக்காரர், மக்காச்சோளம் சுடுகிறவர், எல்லோருக்கும் வருஷத்துச் சோறு அந்த இரண்டு மாதத்தில்தான். ஒருத்தன் போனில் படம் போட்டுவிட்டால் புக்கிங் எல்லாம் கேன்சல் ஆகிவிடும் என்று பயம். அதனால் காய்ச்சலுக்கு வேறு வேறு பெயர் வைப்பார்கள். 'கிளைமேட் சேரல', 'சளிதான்', 'மேலு வலி'. வேலைக்காரர்களில் யாருக்காவது உடம்பு சுட்டால் இங்கே ரத்தம் எடுக்க விடாமல் கீழே பஸ் ஏற்றிவிடுவார்கள். காய்ச்சல் கீழே போய்ச் சேர்ந்ததும் அது அந்த ஊர்க் காய்ச்சல் ஆகிவிடும். மலை சுத்தமாக இருக்கும். 'கொடைக்கானல்ல கொசுவே கெடையாது சார்' என்று டூரிஸ்டிடம் சொல்லிக்கொள்ளலாம். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது அது உண்மைதான், கொசுவலை கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இப்போது என் கடையிலேயே சுருள், பிளக்கில் மாட்டுகிற பாட்டில், நீல டிரம் எல்லாம் அரிசி பருப்புக்குச் சமமாக விற்கிறது. இந்தக் கொசு பகலில் கடிக்கிறது, ஜனங்கள் சுருள் கொளுத்துவது இருட்டின பிறகு. அது தெரிந்தும் விற்றுக் கல்லாவில் போடுகிறேன். உன்னைத் திட்டுகிற வாய் என்னையும் திட்டத்தான் செய்கிறது. ஆனால் இந்தக் கடிதம் உனக்கு.

கன்னிவாடியில் ஒரு நாள் காய்ச்சல் விட்டது. விட்டுவிட்டது என்று பாக்கியம் சந்தோஷப்பட்டு ரசம் வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். அந்த நோயில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இங்கே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். வயிற்று வலி, வாந்தி, கை கால் ஜில்லிட்டுப் போயிற்று. திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். பாக்கியம் பதறிப் போய்த் தன் ஊரைச் சொன்னாள், கன்னிவாடி என்றாள். மறுநாள் செல்வி இல்லை. கன்னிவாடித் தெருவில் புகை அடித்தார்கள், பாக்கியத்தின் அண்டா குண்டான் எல்லாவற்றையும் கவிழ்த்து, உன்னாலதான் என்று தெருவே அவளை ஏசியது. பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தது. அவர்களைக் கடித்தது கன்னிவாடிக் கொசுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கொசுவுக்குக் காய்ச்சலைக் கொண்டு போய்க் கொடுத்தது நீ எடுத்துக் கொடுத்த பஸ் டிக்கெட். இங்கேயே அடங்கியிருக்க வேண்டியதை ஒரு தெருவுக்கே பரப்பினாய். தெய்வானை உன்னைக் கீழே கொண்டு போனது பிழைக்க வைக்க, அவள் மகளை நீ கீழே அனுப்பியது காய்ச்சலை மறைக்க.

அடக்கத்துக்கு நீ வந்தாய், தேம்பித் தேம்பி அழுதாய். அந்த அழுகை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், பெற்றவளுக்குப் பிள்ளையின் அழுகை தெரியும். என் வயிறு எரிவது அதற்குப் பிறகு நடந்ததற்காக. கண்ணைத் துடைத்துவிட்டு தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய், என் காதுபடச் சொன்னாய். "அத்தை, இங்க இருந்து நல்லாத்தான் போச்சு, அசதின்னுதான் அனுப்பினேன். கீழ கொசு ஜாஸ்தி. அங்கதான் கடிச்சிருக்கு." அடப்பாவி! உன் முதலாளியைக் காப்பாற்ற, உன் சீசனைக் காப்பாற்ற, ராப்பகலாகக் கண் விழித்துப் பார்த்த பாக்கியம் தலையில் பழியைத் தூக்கிப் போட்டாயே. அன்றைக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று. செல்வி பஸ் ஏறின அன்றைக்கு, பதறுவாள் என்று, சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதை மட்டும்தான் தெய்வானையிடம் சொல்லியிருந்தேன். ஏழாம் நாள் அவளிடம் போய் உள்ளதைச் சொன்னேன். செல்விக்கு இங்கேயே காய்ச்சல் இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன், கனிக்கும் தெரியும் என்று சொன்னேன். தெய்வானை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காச்சல்னா கனி எங்கிட்டச் சொல்லிருக்கும்ல பாயம்மா? அது நாந் தூக்கி வளத்த புள்ள, எங்கிட்டப் பொய் சொல்லாது. நீங்க எந் தங்கச்சிக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க."

அன்றிலிருந்து அவள் பாக்கியத்தோடு பேசுவதில்லை. பாக்கியம் மலையேறி வந்து வாசலில் நின்று அழுதாள், இவள் கதவைச் சாத்திக்கொண்டாள். "எம்புள்ளய கொசுவுக்குக் குடுத்தவ" என்று உள்ளேயிருந்து கத்தினாள். லயமே கேட்டது. பாக்கியம் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் டீயைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனாள். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத் தனித்தனியாக அழுகிறார்கள். கனி, இதைச் செய்தது கொசு இல்லை, நீ.

இதையெல்லாம் போனில் ஆரம்பித்தபோது நீ ஒன்று சொன்னாய். "நான் ஒருத்தன் என்னம்மா செய்ய முடியும்? சிஸ்டம் அப்பிடி. ரெண்டு மாசம் சம்பாதிச்சாத்தான் பத்து மாசம் ஓடும். நான் கெடுபிடி பண்ணுனா இன்னொரு மேனேஜரப் போட்டுக்கிருவாரு." சரி, சிஸ்டத்தைப் பற்றியே பேசுவோம், எனக்கும் கண் இருக்கிறது. லயத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஓடையில் இப்போது மேலேயே மோட்டார் போட்டு டேங்கரில் ஏற்றுகிறார்கள். டேங்கர் எங்கே போகிறது? உன் ரிசார்ட் மாதிரி இடங்களுக்கு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது, வந்தால் பிடித்து வைக்க ஆளுக்கு நாலு டிரம். டிரம்மில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டை இடுகிறது. உங்கள் கெஸ்ட் குளியல் தொட்டியில் மல்லாந்து கிடந்து குளிப்பதற்கு லயத்துக்காரர்கள் கொசு வளர்க்கிறார்கள். வருஷா வருஷம் வெயிலும் கூடுகிறது, ஸ்வெட்டர் இல்லாமல் நான் கடை திறக்கிற நாள் இப்போது எத்தனையோ. கொசுவுக்கு வேறு என்ன வேண்டும்?

செல்வி போன பிறகு, வீடு வீடாகக் கொசுப் புழு பார்க்கிற சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி லயத்துக்கு வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்து டிரம்களைக் கவிழ்க்கச் சொன்னாள், அபராதம் போடுவேன் என்றாள். தெய்வானை வெளியே வந்தாள். "கவுத்துட்டுப் போயிருவீங்க, நாளைக்கு ஒல வைக்க உங்க வீட்டுல வந்து தண்ணி எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் டார்ச்சை அணைத்துவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். ஏம்மா, இங்கே இத்தனை பேசுகிறாயே, மேலே ரிசார்ட்டில் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். "போனேம்மா. கெஸ்ட் இருக்காங்கன்னு வாட்ச்மேன் கேட்டோடத் திருப்பி அனுப்பிட்டாரு. மேனேஜர் சொல்லாமத் தெறக்க முடியாதாம். நானும் தினக்கூலிதான், ரொம்ப மல்லுக்கட்டுனா நாளைக்கி வேலைக்கி வராதன்னுருவாங்க" என்றாள். மேனேஜர் யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆக, தண்ணீரை எடுப்பது ஒருத்தர், கொசு வளர்க்கிறாய் என்று ஏச்சு வாங்குவது இன்னொருத்தர். குளத்தை வெட்டிப் போட்டது ஒருத்தர், அதன் பக்கத்தில் படுத்துக் கடி வாங்குவது இன்னொருத்தர். லாபம் மலைமேல், பிணம் மலைக்குக் கீழ். நீ சொல்கிற சிஸ்டம் இதுதான், இதை நீ உண்டாக்கவில்லை, உன் முதலாளியும் தனியாக உண்டாக்கவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததே ஒரு கை, அது சிஸ்டத்தின் கையா? கேட்டைச் சாத்தச் சொன்னதே ஒரு வாய், அது யார் வாய்? வேலை போய்விடும் என்கிறாய். போகட்டும்டா. உன் அத்தா விட்டுப் போன கடை இருக்கிறது, வந்து வெங்காயம் நிறுத்துப் போடு. உனக்கு இறங்கி வர ஒரு கடை இருக்கும்போதே உன்னால் வாயைத் திறக்க முடியவில்லை என்றால், ஒன்றுமே இல்லாத செல்வி எப்படி லீவு கேட்டிருப்பாள்?

இவ்வளவையும் மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை சுக்தேவ் வந்தான். உன் ரிசார்ட்டில் டைல்ஸ் போடுகிற ஜார்க்கண்ட்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கூட இருந்தவன் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தான். "அம்மா, காச்சல். மாத்ர குடு" என்றான் சுக்தேவ். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது, நிற்க முடியவில்லை. எங்கேடா படுத்திருந்தாய் என்று கேட்டேன். குளத்துப் பக்கம் கையைக் காட்டினான். மேனேஜரிடம் சொன்னாயா என்றேன். "சார் சொன்னாரு, ரெஸ்ட், ரெஸ்ட்" என்றான். இரண்டாம் சீசன் அல்லவா, பூஜை லீவுக் கூட்டம்! செல்விக்காவது கீழே ஒரு சித்தி வீடு இருந்தது. இவனைக் கீழே அனுப்ப உனக்கு ஊர் கிடைக்கவில்லை, இவன் ஊருக்கு ரயிலில் நாள்கணக்கில் போக வேண்டும். அதனால் அந்தத் தண்ணீர்ப் பக்கத்திலேயே போட்டு வைத்தாய். ஒரு பெண்ணைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை, அதற்குள் இரண்டாவது ஆளா?

கடையில் கூட்டம் நெரிந்தது, பாதி பேருக்குச் சாமான் கொடுத்தும் கொடுக்காமலும் ஷட்டரை இறக்கினேன். "பாயம்மா, ஞாயித்துக்கெழமை அதுவுமா கடையச் சாத்துறீக?" என்று டாக்ஸிக்காரர்கள் கேட்டார்கள். "டெங்குக் காச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், யாரு வண்டி வருது?" என்று நடு முக்கில் நின்று சத்தம் போட்டேன். டூரிஸ்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டாக்ஸிக்காரர், "மெல்லப் பேசுங்கம்மா, சீசன்" என்றார். "சீசன் நாசமாப் போகட்டும், வண்டிய எடு வெரசா" என்றேன். இந்த முக்கில் அந்த நோயின் பெயரைச் சீசனில் சத்தமாகச் சொன்னது நான்தான் முதல் ஆளாக இருப்பேன். மலை ஒன்றும் இடிந்து விழவில்லை, அந்த மனுஷனே வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சுக்தேவைப் படுக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள், நான் சொன்னதே சரி என்றார்கள். எழுதிக்கொள்கிற நர்ஸ் "எந்த ஊரு?" என்று கேட்டார். அவன் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். "பெருமாள்மலைங்க. மேல இருக்கிற ரிசார்ட்டு, பின்னாடி ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். எம் மகன்தான் அங்க மேனேஜர்." நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "மே மாசம் இதே எடத்துல ஒரு பொண்ணுக்கு வந்துச்சு. கன்னிவாடின்னு சொல்லிருப்பாங்க. அது கன்னிவாடி இல்லைங்க, இங்கதான்" என்று அதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் பெயரை நானே கொடுத்தேன் என்ற அழுகையில்லை அது. அன்றைக்குப் பஸ் ஜன்னலில் செல்வி சிரித்துக்கொண்டு போனாள், அதை நினைத்து வந்த அழுகை.

சுக்தேவ் பிழைத்துக்கொள்வான். நேற்று கஞ்சி கொண்டு போனேன், எழுந்து உட்கார்ந்து குடித்தான், பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசினான். நாளைக் காலையில் சுகாதார ஆட்கள் உன் ரிசார்ட்டுக்கு வருகிறார்கள். வருகிறவர்களில் கொசுப் புழு பார்க்கிற அந்தப் பெண்ணும் உண்டு. உன் முதலாளிக்குப் போன் செய்து உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காதே. கேட்டை நீயே திற. குளத்தையும் தொட்டிகளையும் மூடியில்லாத டிரம்களையும் நீயே கூட நடந்து காட்டு. தகரக் குவார்ட்டர்ஸில் இருக்கிற மற்றப் பிள்ளைகளில் யார் யாருக்கு உடம்பு சுடுகிறது என்று வாயைத் திறந்து சொல். கெஸ்ட் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அவர்களையும்தான் அது கடிக்கும். வேலை போனால் நேராக இங்கே வா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. தெய்வானையிடம் நான் சொன்னால் எடுபடாது, பாக்கியம் சொன்னால் கேட்க மாட்டாள், ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னாலும் நம்ப மாட்டாள். அவள் நம்புவது உன் ஒருத்தன் பேச்சை மட்டும். நீ சொல்கிறவரைக்கும் அந்தக் கதவு பாக்கியத்துக்குத் திறக்காது. நாளை ரிசார்ட்டில் வேலை முடிந்ததும் லயத்துக்கு வா. ஜீப்பில் வராதே, நடந்து வா. அவள் உன்னை அறைந்தால் வாங்கிக்கொள், மண்ணை வாரித் தூற்றினால் நின்றுகொண்டு இரு. உன் கல்யாணத்துக்கு அவள் வருவாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்கிறவரைக்கும் பத்திரிகைக் கட்டு அரிசி மூட்டைமேலேயே இருக்கட்டும், நான் ஒருவருக்கும் கொடுப்பதாக இல்லை. கடை வாசலில் ஒட்டுவதையும் பழனிக்கு அனுப்புவதையும் நாளை மறுநாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அவளுக்கு இது ஊரார் வாயால் தெரியக் கூடாது.

தெய்வானைக்கான பிரதியை இந்தக் கவரிலேயே உன்னுடையதோடு சேர்த்து வைத்து, இன்றைக்கே ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு வருகிற எதையும் செல்விதான் படித்துக் காட்டுவாள். இதை நீ படித்துக் காட்டு.

உன் அம்மா